சேஃப்டி ஆபீசர் கூடவே சில நாள்: ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வேலை பழகப் போகிறவர்களுக்கு

தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் சேஃப்டி டிப்ளமோ படிக்கிறவர்களுக்கும், ஓசூர் சிப்காட்டில் டிரெய்னியாகச் சேரப் போகிறவர்களுக்கும் ஒரு வாய்ப்பு வரும். கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் கூடவே சில நாள் நடந்து, அவர் வேலையைப் பார்த்துப் பழகுவது. ஹெச்.ஆர். ஆட்கள் இதை ஷேடோயிங் என்பார்கள். நிறையப் பேர் இதை வீணாக்கிவிடுகிறார்கள். ஆபீஸில் உட்கார்ந்து பழைய ஃபைல்களைப் புரட்டுவது, ஹெல்மெட் மாட்டி ஒரு போட்டோ, கடைசி நாளில் ஒரு சர்டிஃபிகேட். அவ்வளவுதான்.

சட்டப் பிரிவுகளை வீட்டில் உட்கார்ந்தே படித்துவிடலாம். கூட நடந்தால் மட்டும் கிடைக்கிற விஷயங்கள் இரண்டு. பழகிய ஆளின் கண் ஷாப் ஃப்ளோரில் எங்கே போய் நிற்கிறது என்பது ஒன்று. பார்த்ததை அவர் யாரிடம், எந்தத் தொனியில் சொல்கிறார் என்பது இன்னொன்று. அந்த இரண்டையும் எப்படிப் பிடித்துக்கொள்வது என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன்.

எந்த இடத்துக்குப் போவது

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, 1000 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர் கட்டாயமாக இருந்தது. அதற்குக் குறைவான இடங்களில் மெயின்டனன்ஸ் இன்ஜினியரோ, ஹெச்.ஆர். மேனேஜரோதான் சேஃப்டியையும் சேர்த்துப் பார்த்து வந்தார். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு இந்த எண்ணிக்கையை 500 ஆகவும், ஆபத்தான செய்முறைகள் உள்ள தொழிற்சாலைகளுக்கு 250 ஆகவும் இறக்கியிருக்கிறது. நடுத்தரக் கம்பெனிகளிலும் இனி இந்த வேலைக்கு இடம் உண்டு. நீங்கள் போகும் கம்பெனி இந்தக் கணக்கில் எங்கே வருகிறது, அங்கே இந்தப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய ஆட்டோமொபைல் கம்பெனியில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். படிவங்களையும் முறைகளையும் கற்க நல்ல இடம். ஆனால் பிரச்சினையைக் கண்ணால் பார்த்துப் பழக, சொந்தமாகப் பிரஸ் ஷாப், வெல்டிங், பெயின்ட் ஷாப் எல்லாம் வைத்திருக்கும் நடுத்தரக் கம்பெனிதான் மேல் என்பது என் கருத்து. அங்கே சேஃப்டி பார்க்கும் ஆள் ஒரே நாளில் பத்து விதமான தலைவலியோடு மல்லுக்கட்டுவார். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

காலமும் முக்கியம். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1966இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் தொடங்கிய நாள். அந்த வாரம் முழுக்க உறுதிமொழி, வினாடி வினா, போஸ்டர் போட்டி, பரிசளிப்பு என்று ஓடும். கூட நடந்து பழக அந்த வாரம் சரிப்படாது. ஆபீசருக்கு பேனர் கட்டவே நேரம் போதாது. ஆயுத பூஜை, பொங்கல் மாதிரி லைன் நிற்கும் நாட்களையொட்டி இடம் கிடைத்தால் விடாதீர்கள். டேங்க் கழுவுவது, கூரை ஏறுவது, பைப் வெட்டி ஒட்டுவது என்று ஆபத்தான வேலைகளையெல்லாம் கம்பெனிகள் அப்போதுதான் வைத்துக்கொள்ளும்.

போகும் முன்

காலேஜிலிருந்து கடிதம் வாங்குங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, உங்களுக்குப் பொறுப்பு யார், விபத்துக் காப்பீடு உண்டா என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். காப்பீட்டைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சேஃப்டி படிக்கிற பிள்ளையே அதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

ஷூ சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஐ.எஸ். 15298 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கி, இரண்டு மூன்று நாள் வீட்டில் போட்டு நடந்து பழகுங்கள். புது ஷூ கடித்து, நொண்டிக்கொண்டு ரவுண்டு போகும் டிரெய்னி எதையும் பார்க்க மாட்டார். காட்டன் சட்டை நல்லது. மோதிரம், காப்பு, கையில் கட்டிய கயிறு எல்லாம் வீட்டோடு இருக்கட்டும். பெண்கள் கூந்தலைக் கொண்டையிட்டுக்கொள்ளுங்கள். சுழலும் மெஷின் இருக்கும் இடத்தில் துப்பட்டா கூடவே கூடாது, மேலே கோட் போட்டிருந்தாலும்தான். அப்புறம், சட்டைப் பையில் அடங்குகிற சின்ன நோட்டு ஒன்று. போனை மறந்துவிடுங்கள். பல கம்பெனிகளில் கேட்டிலேயே கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள்.

படித்துவிட்டுப் போக ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வரிசை. முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்வது, முடியாவிட்டால் மாற்றுப் பொருள் அல்லது மாற்று முறை, அப்புறம் கார்டு (மெஷினில் கை படாமல் மறைக்கும் தடுப்பு), காற்றோட்டம் போன்ற இன்ஜினியரிங் ஏற்பாடு, அதற்கடுத்து பயிற்சி, பெர்மிட் (ஆபத்தான வேலை தொடங்கும் முன் தரும் எழுத்து அனுமதி), போர்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் ஹெல்மெட், கிளவுஸ். பார்க்கிற ஒவ்வொரு ஏற்பாடும் இந்த வரிசையில் எந்தப் படியில் நிற்கிறது என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருங்கள்.

முதல் நாள்

இண்டக்‌ஷன் வகுப்பில் தூங்காதீர்கள். ஆபத்து நேரத்தில் எல்லோரும் வந்து கூடும் அசெம்பிளி பாயின்ட் எங்கே, சைரன் எப்படி ஒலிக்கும், முதலுதவி யாரிடம், அவசர எண் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் எந்த டிபார்ட்மென்டில் நின்றாலும் அங்கிருந்து வெளியேறும் இரண்டு வழிகளைக் கண்ணால் பார்த்து வையுங்கள்.

ரவுண்டு கிளம்பும் முன் ஆபீசரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்: "சார், நான் எங்க நிக்கணும்? நோட்ல எழுதலாமா? சந்தேகத்த அங்கேயே கேக்கலாமா, அப்புறமா கேக்கட்டுமா?" பெரும்பாலும் "அப்புறமா கேளு" என்றுதான் சொல்வார். தொழிலாளி முன்னால் நின்று "இது விதிப்படி தப்புதானே சார்?" என்று டிரெய்னி கேட்டால் மூன்று பேருக்கும் சங்கடம்.

ரவுண்டில் எதைப் பார்ப்பது

இரண்டடி பின்னால், ஒரு பக்கமாக நடங்கள். மெஷினைப் பார்ப்பதற்கு முன் அவர் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். பழகிய ஆபீசர் ஒரு பகுதிக்குள் நுழைந்ததும் மேலே பார்ப்பார், கிரேனில் லோடு தொங்குகிறதா என்று. அப்புறம் தரை, எண்ணெய் சிந்தியிருக்கிறதா, கேபிள் குறுக்கே கிடக்கிறதா என்று. அதற்குப் பிறகு ஆட்களின் கைகள். தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்பது யார் கண்ணுக்கும் படும். கை எங்கே போகிறது என்பதைப் பார்ப்பவருக்குத்தான் பிரஸ் ஷாப்பில் வேலை.

நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: எங்கே நின்றார், என்ன சொன்னார், யாரிடம் சொன்னார். காரணம் எழுத நான்காவது பத்தியைக் காலியாக விடுங்கள். டீ நேரத்தில் "அந்தக் கிரைண்டர்கிட்ட ஏன் சார் நின்னீங்க?" என்று கேட்டு அதை நிரப்புங்கள். நீங்கள் தாண்டிப் போன இடத்தில் அவர் நின்றதற்கான காரணம்தான் அன்றைய பாடம்.

சாதாரணமாக அவர் நிற்கும் இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். பெஞ்ச் கிரைண்டரில் சக்கரத்துக்கும், வேலைப்பொருளைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் வேலைப்பொருள் உள்ளே இழுபட்டுச் சக்கரமே உடையலாம். பவர் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அமுக்க வேண்டிய பட்டன்களில் ஒன்றை டேப் ஒட்டியோ குச்சி சொருகியோ அமுக்கி வைத்திருப்பார்கள். கை நுழைந்தால் மெஷினை நிறுத்தும் லைட் கர்ட்டனை பைபாஸ் செய்திருப்பார்கள். தீயணைப்பான் முள் பச்சையில்தான் இருக்கும், ஆனால் அதன் முன்னால் பேலட் அடுக்கி எட்ட முடியாமல் செய்திருப்பார்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் தின்னர் ஊற்றி, பெயர் எழுதாமல் வைத்திருப்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார்ஜ் போடும் அறையில் ஜன்னலை அடைத்திருப்பார்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அது தங்கக் கூடாது. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கம்ப்ரெஸ்டு ஏர் ஹோஸை எடுத்து உடம்பில் அடித்துத் தூசி தட்டும் பழக்கமும் உண்டு. விளையாட்டு மாதிரி தெரியும். கண்ணுக்கும் காதுக்கும் அதைவிடக் கெடுதல் வேறில்லை, காற்று தோல் வழியாக உள்ளே புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

சத்தத்துக்கு மீட்டர் இருக்கிறது. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது தொழிற்சாலை விதிகளின் எல்லை. மீட்டர் கையில் இல்லாதபோது கை எட்டும் தூரத்தில் நிற்கும் ஆளிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தால் அளந்தே ஆக வேண்டிய இடம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பாதி நாட்கள் போனபின் ஆபீசரிடம் ஒன்று கேளுங்கள். "இன்னைக்கு நான் முன்னால நடக்கறேன் சார், நான் விட்டத நீங்க சொல்லுங்க." நல்ல ஆபீசர் மறுக்க மாட்டார். நீங்கள் பத்து விஷயம் காட்டியிருப்பீர்கள், அதில் எட்டு ஹெல்மெட், ஷூ, குப்பையாக இருக்கும். அவர் சொல்வது மூன்றுதான். மூன்றும் ஆளைக் கொல்லக்கூடியவையாக இருக்கும்.

பெர்மிட் கையெழுத்தாகும் இடம்

ஒரு வாரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் முழுதாகப் பார்க்க முடியும் என்றால் பெர்மிட்டைத் தேர்ந்தெடுங்கள். வெல்டிங், உயரத்தில் வேலை, டேங்குக்குள் இறங்குவது, கரன்ட் வேலை எல்லாவற்றுக்கும் பெர்மிட் உண்டு. ஆபீஸ் மேஜையில் கையெழுத்தாகிறதா, வேலை நடக்கும் இடத்தில் கையெழுத்தாகிறதா என்று கவனியுங்கள். அந்தக் கம்பெனியின் சேஃப்டி எப்படி என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

வெல்டிங் பெர்மிட் என்றால் அவர் பொறி எங்கே விழும் என்று கீழ்த்தளத்துக்கும் போய்ப் பார்ப்பார். வேலை முடிந்து அரை மணி நேரமாவது ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும். கான்ட்ராக்டர் ஆள் டீக்குப் போய்விட்டாரா என்று திரும்ப வந்து பார்ப்பாரா? நீங்களும் கூடத் திரும்பி வாருங்கள்.

லாக் அவுட் (வேலை நடக்கும்போது மெஷின் ஓடிவிடாதபடி கரன்டை அணைத்துப் பூட்டுவது) செய்யும்போது எலெக்ட்ரீஷியன் ஸ்விட்சை அணைத்து, சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். அணைத்தது சரியான ஸ்விட்சைத்தானா என்று உறுதி செய்வது அங்கேதான். அழுத்திப் பார்க்காமல் வேலையில் இறங்கினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் பிரஷர், உயரத்தில் நிற்கும் ராம் (பிரஸ்ஸில் மேலும் கீழும் போகும் பாகம்), ஸ்பிரிங் இவற்றிலும் சக்தி தேங்கியிருக்கும். கரன்டை அணைத்தால் அதெல்லாம் போய்விடாது.

கழிவுநீர்த் தொட்டி, கெமிக்கல் டேங்க் மாதிரி அடைபட்ட இடங்களில் வாயு அளக்கும் வரிசையைப் பாருங்கள். முதலில் ஆக்சிஜன், 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்து எரியும் வாயு. அதன்பின் விஷவாயு. மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை மாதிரி நாறும் என்று படித்திருப்பீர்கள். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, அதனால் மூக்கை நம்பி யாரும் இறங்கக் கூடாது. தொட்டிக்குள் மயங்கியவரைத் தூக்கப் போகிறேன் என்று அடுத்தவரும், அவர் பின்னால் இன்னொருவரும் இறங்கிச் சேர்ந்தே சாவது நம் நாட்டில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஆகவே வாசலில் நிற்கும் காவலாளிக்கு, உள்ளே போகாமலே ஆளை எப்படி வெளியே இழுப்பது என்று தெரியுமா என்று ஆபீசர் கேட்கிறாரா என்று பாருங்கள். ட்ரைபாட் (முக்காலி), கயிறு, ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) தயாராக இருந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும்.

பழகப் போனவர் எந்தப் பெர்மிட்டிலும் கையெழுத்துப் போடக் கூடாது. காவல் ஆளாக நிற்கவும் கூடாது, "சும்மா ஒரு நிமிஷம் நில்லு தம்பி" என்று கேட்டாலும்தான். உள்ளே இறங்குவது பற்றிப் பேச்சே இல்லை.

பேச்சைக் கவனிப்பது

ஓசூரில் ஒரே லைனில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்களும், ஒடிசா, பீகார், வங்காளப் பக்கமிருந்து வந்தவர்களும் நிற்பார்கள். காலையில் வேலை தொடங்கும் முன் சேஃப்டி பற்றிச் சுருக்கமாகப் பேசும் டூல்பாக்ஸ் டாக்கில் எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டுவதற்கும் புரிவதற்கும் சம்பந்தமில்லை. அனுபவமுள்ளவர் "புரிஞ்சுதா?" என்று கேட்க மாட்டார். "ஹார்னஸ் ஹூக்க எங்க மாட்டுவ, காட்டு" என்பார். கை சரியான இடத்துக்குப் போகிறதா என்றுதான் பார்ப்பார். அந்த ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொண்டு வந்தாலே போதும்.

கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒருவர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவர் உடனே சத்தம் போடுவார். பழகியவர் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, "அண்ணா, கழட்டிட்டீங்களே, என்ன தொந்தரவு?" என்று கேட்பார். "பீஸ் உள்ள மாட்டிக்குது சார். ஒவ்வொரு தடவையும் நாலு போல்ட்டு கழட்டி மாட்டினா டார்கெட் வராது." இப்போது கதை மாறிவிட்டது. போல்ட்டை எடுத்துவிட்டுக் கீல் வைத்து, திறந்தால் மெஷின் தானே நிற்கிற மாதிரி இன்டர்லாக் போடச் சொல்லி மெயின்டனன்ஸிடம் போக வேண்டிய விஷயம் இது. திட்டினால் நாளைக்கு ஆபீசர் தலை தெரியும்போது மட்டும் கார்டு மாட்டியிருக்கும்.

மேனேஜரிடம் பேசும்போது அதே ஆபீசரின் மொழி வேறாக இருக்கும். அங்கே லைன் எத்தனை மணி நேரம் நிற்கும், ஆர்டர் தள்ளிப்போகுமா, பாகத்தின் விலை என்ன என்று பேசுவார். வாய்ப்புக் கிடைத்தால் மீட்டிங்கில் மூலையில் உட்கார்ந்து, அவர் எந்த வாக்கியத்தில் மேனேஜரைச் சம்மதிக்க வைத்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். எந்த டிப்ளமோ பாடத்திலும் அது இல்லை.

கேன்டீனில் ஆபீசர் மேஜையிலேயே உட்கார வேண்டாம். ஹெல்பர்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் பக்கம் தட்டை எடுத்துக்கொண்டு போங்கள். "நைட் ஷிஃப்ட்ல இந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க தம்பி" என்ற மாதிரி உண்மை அங்கேதான் கிடைக்கும். கேட்டதை ஆபீசரிடம் சொல்லலாம், யார் சொன்னார் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குப்பின் உங்களிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு அடுத்த நாள் கேட் பாஸே போய்விடலாம்.

மாங்கூழ்த் தொழிற்சாலை, கல் குவாரி

கிருஷ்ணகிரி சுற்றுப்பக்கத்து மாங்கூழ்த் தொழிற்சாலைகள் மாம்பழ சீசனில்தான் முழு மூச்சில் ஓடும். ஒவ்வொரு சீசனுக்கும் புது ஆட்கள் நிறைய வருவார்கள், அதனால் முதல் வாரம்தான் கவனித்துப் பார்க்க வேண்டிய வாரம். ஈரத்தரை, சூடான நீராவிக் குழாய், லைனைக் கழுவும் காஸ்டிக் சோடா, தோலும் கொட்டையும் சேரும் இடத்தில் வழுக்கல். குளிர்பதனத்துக்கு அம்மோனியா இருந்தால் காற்றுத் திசைகாட்டும் துணி எங்கே பறக்கிறது என்று பார்த்து வையுங்கள். கசிந்தால் காற்று அடிக்கும் திசையோடு ஓடாமல் அதற்குக் குறுக்காகப் போய், காற்று வரும் பக்கத்தில் சேர வேண்டும்.

கிரானைட் குவாரி வேறு உலகம். அங்கே சுரங்கங்களுக்கான தனி விதிகள், வேறு இன்ஸ்பெக்டர்கள், சுரங்க மேனேஜர், ஃபோர்மேன், மேட் என்ற வேறு ஆட்கள். மேனேஜர் அனுமதியில்லாமல் உள்ளே கால் வைக்காதீர்கள், தெரிந்த மேஸ்திரி கூப்பிட்டாலும். கல்லை அறுக்கும் வயர் சா ஓடும்போது வயர் போகும் நேர்க்கோட்டில் நிற்கவே கூடாது. அறுந்தால் வயரும் அதிலுள்ள மணிகளும் தோட்டா மாதிரி பறக்கும். துளையிடும்போது தண்ணீர் விடுகிறார்களா என்று பாருங்கள். உலர்ந்த துளையிடலில் கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸ் ஆகிறது, அதைக் குணமாக்க மருந்தில்லை. முகத்தில் கட்டிய துண்டு நுண்தூசைத் தடுக்காது.

ஆபத்தை நீங்களே பார்த்துவிட்டால்

உடனே உயிருக்கு ஆபத்து என்றால் யாருக்கும் காத்திருக்க வேண்டாம், கத்தி நிறுத்தச் சொல்லுங்கள். டிரெய்னி கத்தினார் என்று எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவசரமில்லாதது என்றால் ஆபீசரிடம் தனியாகச் சொல்லுங்கள். நீங்களே போய் மெஷினைத் தொட்டுச் சரி செய்யாதீர்கள்.

நீங்கள் இருக்கும்போதே விபத்து நடந்தால் ஒதுங்கி நின்று, சொன்னதை மட்டும் செய்யுங்கள். போட்டோ, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இரண்டும் வேண்டவே வேண்டாம். அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் அரசுக்குத் தகவல் தர வேண்டும். இடத்தை எப்படிக் கலைக்காமல் வைக்கிறார்கள், சாட்சிகளை ஒவ்வொருவராக எப்படிக் கேட்கிறார்கள் என்பதை அமைதியாகப் பாருங்கள்.

கடைசி நாட்கள்

தினமும் சாயங்காலம் பஸ்ஸிலேயே அரைப் பக்கம் எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போனால் தூக்கம்தான் வரும். கடைசி இரண்டு நாளில் ஒரே ஒரு மெஷினை எடுத்து, அதில் என்னென்ன ஆபத்து, எவ்வளவு கடுமை, எவ்வளவு வாய்ப்பு, இப்போது என்ன தடுப்பு இருக்கிறது என்று நீங்களே அட்டவணை போடுங்கள். அப்புறம் கம்பெனியின் அட்டவணையை வாங்கி ஒப்பிடுங்கள். முதலிலேயே அதைப் பார்த்துவிட்டால் காப்பியடிக்கத்தான் தோன்றும்.

கம்பெனியின் ஃபைல், படம், பெர்மிட் நகல் எதையும் வெளியே எடுத்து வராதீர்கள். சர்டிஃபிகேட்டில் தேதி, பார்த்த டிபார்ட்மென்ட்கள், பார்வையாளராக இருந்தீர்கள் என்ற மூன்றும் சரியாக இருக்கட்டும். "சேஃப்டி ஆபீசராகப் பணியாற்றினார்" என்று யாராவது தாராளமாக எழுதிக் கொடுத்தால் மாற்றி வாங்குங்கள். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

மேற்படிப்புக்குப் பணம் கட்டும் முன், சட்டப்படியான சேஃப்டி ஆபீசர் பதவிக்கு அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று கேளுங்கள். சென்னையில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் ஒரு வருட டிப்ளமோ அந்த வகை. சர்வதேசச் சான்றிதழ் என்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டியிருக்கும் குறுகிய காலக் கோர்ஸ்கள் எல்லாம் அந்தப் பதவிக்குப் போதாது. எது செல்லும் என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலோ, நீங்கள் கூட நடந்த ஆபீசரிடமோ கேட்டு உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.